சாங் பாவ்

சாங் பாவ் (இறப்பு: 1822) என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனக் கடலில் செங்கொடிப் படை எனப்பட்ட கடற்கொள்ளைப் படையை நடத்தி, பின்னர் சிங் அரசமரபின் கடற்படை அதிகாரியாக மாறியவர் ஆவார். ஆங்காங் மக்களின் கண்டோனீய மொழியில் இவர் சியூங் போ சாய் என அழைக்கப்படுகிறார். இவரைப் பற்றிய சாகசக் கதைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை இவரது வாழ்வின் தொடக்கப் பகுதியை மறைத்தே கூறின.

இளமை

சாங் பாவ் குவாங்டொங் மாகாணத்தின் சின்குயி பகுதியில் மீனவக் குடும்பத்தில் பிறந்தார். ஏறத்தாழ 15 வயதில், தந்தையுடன் மீன்பிடிக்கச் சென்றபோது, செங் யீ என்ற கொள்ளைத் தலைவரால் சிறைபிடிக்கப்பட்டார். செங் யீ இவரைத் தம் அணுக்கராகக் கொண்டார். இருவரிடையே உடலுறவும் இருந்தது என்பது சீன வரலாற்றுக் குறிப்பின் வழி அறியப்படுகிறது. பின்னர் செங் யீ இவரைத் தத்துப்பிள்ளையாக ஏற்று, கப்பல் தலைமையும் அளித்தார். சிறைப்பட்டவருக்கும் சிறைபிடித்தவருக்கும் இடையிலான உறவு என்பதால், இதை வெறும் காதலாகக் கருத இயலாது. சாங் பாவ் தம் மனநிலை குறித்து எழுதிவைத்த பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

செங்கொடிப் படை

1805இல் கொள்ளைத் தலைவர்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, நிறக்கொடிகளால் அறியப்பட்ட படைகளாக ஒன்றிணைந்தனர். செங் யீ 1807 நவம்பரில் இறந்தார். அவர் மனைவி செங் யீ சாவ் கூட்டமைப்பின் தலைமையை ஏற்று, செங்கொடிப் படையைச் சாங் பாவிடம் ஒப்படைத்தார். பின்னர் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கொள்ளைப் பொருள்களைப் பதிவு செய்து பொதுக் கிடங்கில் சேர்த்தல், சிறைப்பட்ட பெண்களைத் துன்புறுத்தாதிருத்தல் முதலிய கடும் விதிகள் படையில் இருந்தன. இவ்விதிகளைச் சீன நூல் சாங் பாவின் பெயரிலும், பிற்கால மேலைநாட்டு நூல்கள் செங் யீ சாவின் பெயரிலும் கூறுகின்றன.

1809 நவம்பரில் லாந்தாவ் தீவருகே போர்த்துக்கேயக் கப்பல்களும் சிங் கடற்படையும் இவரைச் சூழ்ந்தன. ஆயினும் படை தப்பிச் சென்றது. அப்போது கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலொன்றின் அதிகாரியான ரிச்சர்ட் கிளாஸ்பூல் இவர்களிடம் கைதியாக இருந்தார். அவர் பின்னர் தம் அனுபவங்களை எழுதினார்.

சரணடைதலும் பிற்காலமும்

கருங்கொடிப் படையின் தலைவர் குவோ போடாய் அரசிடம் சரணடைந்ததால் கூட்டமைப்பு வலுவிழந்தது. 1810 ஏப்ரலில் செங் யீ சாவ் ஆயுதமின்றிக் கண்டன் நகருக்குச் சென்று ஆளுநர் பாய் லிங்குடன் பேச்சு நடத்தினார். அதன்படி 17,318 பேரும் 226 கப்பல்களும் 1,315 பீரங்கிகளும் ஒப்படைக்கப்பட்டன. சாங் பாவ் அரசுப் பதவி பெற்று, தம் பழைய தோழர்களுக்கு எதிராகவே போரிட்டார். 1813இல் இவருக்கு ஒரு மகன் பிறந்தான். முன்னாள் கொள்ளையரை மேலும் உயர்த்தலாகாது என 1820இல் லின் செசூ அரசுக்கு விண்ணப்பித்தார். சாங் பாவ் பெங்கு தீவுகளில் பதவி வகித்து, 1822இல் இறந்தார்.

கதைகளில்

யுவான் யொங்லுன் 1830இல் சீனத்தில் எழுதிய நூலே இவரது வாழ்வுக்கு முதன்மைச் சான்று. அந்நூலை 1831இல் ஆங்கிலத்தில் பெயர்த்த சார்லசு நியூமன், செங் யீயுடனான உறவைக் குறிக்கும் சொல்லுக்கு மென்மையான ஒரு சொல்லை இட்டு, அச்சொல் ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்க இயலாதது என அடிக்குறிப்பில் குறித்தார். அதன் பின் பரவிய ஆங்கிலக் கதைகளில் பெரும்பாலும் தத்துப்பிள்ளை உறவு மட்டுமே எஞ்சியது. 1973இல் ஆங்காங்கில் வெளிவந்த 'தி பைரேட்' திரைப்படத்தில் தி லுங் இவராக நடித்தார். அப்படம் இவரை வீரநாயகனாகக் காட்டியது.

அமெரிக்க வரலாற்றாளர் டயான் மரே 1987இல் வெளியிட்ட ஆய்வு, கொள்ளையரிடையே நிலவிய தற்பால் உறவுகளைச் சான்றுகளுடன் வெளிப்படையாக விவாதித்தது. தற்பால் காதலை மையமாகக் கொண்ட 'அவர் ஃபிளாக் மீன்ஸ் டெத்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 2023ஆம் ஆண்டுப் பகுதியில் செங் யீ சாவ் ஒரு பாத்திரமாக இடம்பெற்றார்.

ஆங்காங்கின் செயுங் சாவ் தீவிலுள்ள ஒரு குகை சாங் பாவின் பெயரால் அழைக்கப்படுகிறது. இவர் அங்குச் செல்வத்தை மறைத்துவைத்தார் என்பது மக்கள் வழக்கு.