கணித விற்பன்னர் மேரி கார்ட்றைற் அம்மையார்

கரைவலையில் அகப்பட்ட மீனைப் பங்கு பிரிப்பதும், உப்பளத்தில் விளைந்த உப்பை அளந்து கணக்கிடுவதும் நம் கரையோர மக்களுக்குப் பழகிய காரியங்கள். எண்ணறிவு அவர்களுக்குப் புதியதன்று. ஆயினும் அவர்தம் பிள்ளைகள் கணிதப் பரீட்சை ஒன்றிற் பின்தங்கிவிட்டால், அப்பாடம் தமக்கு உரியதன்றென எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். பெண்பிள்ளையாயின் பெற்றோரும் அவ்வெண்ணத்திற்கு விரைவில் இசைந்துவிடுவர். அத்தகைய மாணாக்கர் அறிந்திருக்கவேண்டிய வாழ்வு மேரி லூசி கார்ட்றைற் அம்மையாருடையது.

இங்கிலாந்திலே எய்ன்ஹோ என்னும் சிற்றூரில், ஆலயக் குருவானவர் ஒருவரின் மகளாக, 1900ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி அம்மையார் பிறந்தார். தமையன்மார் இருவரை முதலாம் உலகப் போர் பலிகொண்டது. 1919இல் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த செயின்ற் ஹியூஸ் கல்லூரியிற் புகுந்தார். அப்போது அச்சர்வகலாசாலையிற் கணிதம் பயின்ற பெண்கள் ஐவரே. பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அங்கு 1920இலேதான் தொடங்கியது.

1921இல் நடந்த பரீட்சையில் அம்மையாருக்கு இரண்டாம் வகுப்பே கிடைத்தது. மனம் சோர்ந்த அவர், கணிதத்தை விட்டு வரலாற்றுப் பாடத்திற்கு மாறிவிடலாமோ என எண்ணினார். எனினும் துணிந்து கணிதத்திலேயே நிலைத்தார். பேராசிரியர் ஹார்டியின் மாலை வகுப்புகளுக்குச் செல்லலானார். கும்பகோணத்தில் வளர்ந்த நம் இராமானுஜனின் ஆற்றலைக் கடிதம் மூலம் கண்டறிந்து, 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் செல்லக் காரணராயிருந்த அதே ஹார்டியே இவர். அவ்வகுப்புகள் அம்மையாருக்குப் புதிய வழியைக் காட்டின. 1923இல் இறுதிப் பரீட்சையில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார்.

பின்னர்ச் சில ஆண்டுகள் பாடசாலை ஆசிரியையாகக் கடமையாற்றினார். 1928இல் ஒக்ஸ்போர்ட் மீண்டு, ஹார்டியின் வழிகாட்டலில் ஆராய்ச்சி தொடங்கி, 1930இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் அவரைக் கேம்பிரிட்ஜிலுள்ள கேர்ட்டன் கல்லூரிக்கு அழைத்துச் சென்றது. அக்கல்லூரி பெண்களின் உயர்கல்விக்கென 1869இல் நிறுவப்பட்டதாகும்.

1938இல் பிரித்தானிய வானொலி ஆராய்ச்சிச் சபை, வானொலிக் கருவிகளோடு தொடர்புடைய சில வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கக் கணித அறிஞரின் உதவியை நாடியது. அம்மையார் அப்பணியை ஏற்று, லிற்றில்வுட் என்னும் பேரறிஞரையும் துணைசேர்த்துக்கொண்டார். வலிமை கூடிய அலைபெருக்கிகள் ஒழுங்கு தவறியபோது, கருவி செய்தோரையே பலரும் நொந்தனர். அவ்வொழுங்கின்மை சமன்பாட்டின் இயல்பிலேயே பொதிந்துள்ளதென இருவர்தம் ஆராய்ச்சியும் உணர்த்தியது. பிற்காலத்தில் ஒழுங்கின்மைக் கோட்பாடு என விரிந்த துறைக்கு அவ்வாராய்ச்சி முன்னோடியாயிற்று.

1947இல் லண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராகத் தெரிவு செய்தது. பெண் கணித அறிஞருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பெண்களுக்கு முழுப் பட்டவுரிமை அளித்தது 1948இலேயாம். அதற்கு அடுத்த ஆண்டு அம்மையார் கேர்ட்டன் கல்லூரியின் தலைவியாகப் பொறுப்பேற்று, 1968வரை அதனை நடத்தினார். நிருவாகச் சுமையினிடையேயும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1956இல் முழுச் சார்புகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1961இல் லண்டன் கணிதச் சங்கத்தின் தலைமைப் பதவியும், 1964இல் றோயல் சங்கத்தின் சில்வெஸ்ரர் பதக்கமும் அவரை அடைந்தன. இரண்டையும் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1969இல் அரசு அவருக்கு டேம் என்னும் விருதளித்தது. 1998ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதி, தமது தொண்ணூற்றேழாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தமக்குரிய நினைவு வழிபாட்டிற் புகழுரை எதுவும் நிகழ்த்தலாகாதென அம்மையார் கூறிச் சென்றார். அவ்விருப்பத்தை நாமும் மதிப்போம். அவர்தம் பதக்கங்களைக் காட்டிலும் 1921ஆம் ஆண்டின் அந்த இரண்டாம் வகுப்பையே நினைவிற் கொள்வோம். அன்று அவர் பாடத்தை மாற்றியிருப்பின் பிற்பட்டவை எவையும் நிகழ்ந்திரா. உடப்பிலோ சிலாபத்திலோ கற்பிட்டியிலோ ஒரு பிள்ளை குறைந்த புள்ளியுடன் வீடு திரும்பும்போது, பாடத்தை மாற்றென்று சொல்லுமுன் அப்பிள்ளைக்கு இன்னும் ஓராண்டுக் காலமும், ஒரு நல்லாசிரியரின் மாலை வகுப்பும் கிடைக்கச் செய்தல் பழைய மாணவராகிய நமது கடனாம்.