புதுவைக் கவிஞரும் ‘பொன்முடி’யும்

1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பொன்முடி’ எனும் படத்தை வெளியிட்டது. இயக்கியவர் அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். கதையோ நம் புதுவை தந்தது: புரட்சிக் கவிஞர் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’. காதலர் நெருங்கி நின்ற காட்சிகளைக் கண்டு சிலர் கொதித்தனர். பண்பாடு பாழாயிற்றென்று பதறினர்.

யார் அந்தக் கவிஞர்? வீணில் திரிந்தவரா? இல்லை! 1891 ஏப்ரல் 29-இல் புதுவையில் பிறந்த சுப்புரத்தினம், பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளில் 37 ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஆசிரியர். பாரதியாரிடம் பழகியவர், அவர் பெயரையே தம் பெயரில் ஏந்தியவர். 1946-இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே அறிஞர் அண்ணா 25,000 ரூபாய் பொற்கிழி அளித்தார்.

அவர் படைத்த பொன்முடியையும் பூங்கோதையையும் பிரித்தது எது? தந்தையரின் பகை! பெரியவர் வீம்புக்குப் பிள்ளைகள் பலியாவதா என்பதே கவிஞரின் கேள்வி. கைம்பெண்ணின் கண்ணீருக்குக் கலங்காதவர்கள், காதலைக் கண்டு கலங்கினர்! ஏடு படிக்க அறியாத தொழிலாளியோ, கொட்டகைத் தரையில் அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டான்.

பின்னர்ப் புதுவைச் சட்டமன்றத்திலும் அமர்ந்த கவிஞர், 1964 ஏப்ரல் 21-இல் சென்னையில் மறைந்தார். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம்.

அவர் மறைந்தார், கேள்வி மறையவில்லை. சாதி கடந்து காதலித்த பிள்ளைகளை இன்றும் வெட்டிச் சாய்க்கின்றனர். முத்தத்தைக் கண்டு கூசிய கண்கள், இந்தக் குருதியைக் கண்டு கூச வேண்டாமா?