இராஜாஜியின் அரசியல் நிலைப்பாடுகள்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவர்; இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநர்; சுதந்திராக் கட்சியின் நிறுவனர். இராஜாஜி என்றே பரவலாக அறியப்படுகிறார். பழமைவாதி என அழைக்கப்பட்ட இவரது அரசியல் நிலைப்பாடுகள் பலமுறை மாறின.

காங்கிரசில்

சேலத்தில் வழக்கறிஞராகவும் நகரமன்றத் தலைவராகவும் பணியாற்றிய இராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது தொழிலைத் துறந்தார். 1922இல் சட்டமன்றங்களுக்குள் காங்கிரசு நுழையக்கூடாது என்று வாதிட்ட அணிக்குத் தலைமை தாங்கினார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை நடத்தினார். ஆனால் 1937இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக அவரே பதவியேற்றார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் ஆகியன அக்காலத்தவை. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததும் இவரது அரசே. வைதிகப் பழமைவாதியிடம் எதிர்பார்க்கக்கூடிய செயல் அன்று இது.

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை எதிர்த்து, கட்சியில் தனிமைப்பட்டார். முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு காண வேண்டும் என்ற அவரது 1944ஆம் ஆண்டுத் திட்டத்தை ஜின்னா ஏற்கவில்லை.

இந்தி

இராஜாஜியின் மாற்றங்களுள் பெரிதும் பேசப்படுவது இதுவே. நாட்டை இணைக்கும் மொழி எனக் கருதி, 1938இல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்ப்பு வலுத்தபோது, காங்கிரசே முன்னர் கண்டித்து வந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தைக் கொண்டு போராட்டக்காரர்களைச் சிறையிலடைத்தார். தண்டனைக் காலத்தில் நோயுற்று 1939இல் இறந்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடங்கள் வட சென்னையின் மூலக்கொத்தளத்தில் உள்ளன. அங்கிருந்து சற்றுத் தொலைவில், துறைமுகத்தை ஒட்டி இராயபுரம் நோக்கிச் செல்லும் பழைய வடக்குக் கடற்கரைச் சாலை இராஜாஜி சாலை எனப் பெயர் பெற்றுள்ளது. கட்டாய இந்தி 1940இல் ஆளுநரால் விலக்கப்பட்டது.

1950களின் பிற்பகுதியில் இராஜாஜி இந்தியை எதிர்க்கலானார். இந்தி மட்டுமே ஆட்சிமொழியானால் நாட்டின் ஒற்றுமை குலையும் என்பது அவரது வாதம். 1965இல், அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை நீக்கிவைக்க வேண்டும் என்றார். ஒற்றுமை என்ற நோக்கம் மாறவில்லை. அதற்கான வழி முற்றிலும் தலைகீழானது.

ஆட்சியும் எதிர்க்கட்சியும்

1952இல் சென்னையின் முதலமைச்சரானதும் உணவுத் தானியக் கட்டுப்பாடுகளை நீக்கினார். பின்னாளைய பொருளாதாரக் கொள்கையின் தொடக்கத்தை இதில் காணலாம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வகைசெய்த 1953ஆம் ஆண்டுத் திட்டம், குலக்கல்வித் திட்டம் எனக் கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954இல் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

நேருவின் சோசலிசப் பொருளாதாரத்தையும் கூட்டுறவுப் பண்ணை முறையையும் எதிர்த்து, 1959இல் தமது எண்பதாம் வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உரிமமும் அனுமதியும் ஒதுக்கீடும் வழங்கும் அதிகாரம் அரசிடம் குவிந்தால் ஊழலும் அச்சமும் பெருகும் என்று எழுதிவந்தார். தொழில்முனைவோரும் முன்னாள் மன்னர்களும் கட்சியில் மிகுந்திருந்ததால், அது செல்வர்களின் கட்சி என்ற விமர்சனம் நீங்கவில்லை. ஆயினும் 1967 மக்களவைத் தேர்தலில் 44 இடங்களைப் பெற்றது.

வெளியுறவில் அவரை வலதுசாரி என்ற சொல்லுக்குள் அடக்குவது கடினம். அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தக் கோரி 1962இல் வாசிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தார்.

1967இல் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்து, தமிழகத்தில் காங்கிரசு ஆட்சி வீழ்வதற்குத் துணைநின்றார். முன்பு தமது இந்தித் திட்டத்தை எதிர்த்துச் சிறை சென்ற அண்ணாதுரையே அதன்பின் முதலமைச்சரானார். 1971 தேர்தலிலோ, நெடுநாள் எதிராளியான காமராசருடன் சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார்; கூட்டணி தோற்றது.

அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு மதுவிலக்கில் மட்டும் அவர் விலக்கு அளித்திருந்தார். 1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்து அதைக் கைவிடுமாறு வேண்டினார். அரசு இணங்கவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் சென்னையில் இராஜாஜி காலமானார். சுதந்திராக் கட்சி 1974இல் பாரதிய லோக் தளத்துடன் இணைந்தது.