கென்னடியின் வெற்றிக்குத் தோள் கொடுத்த எல்.பி. ஜோன்சன்

நெகிரி செம்பிலானில் லாபு பக்கம் போய் வந்தவர்களுக்கு பெல்டா எல்.பி. ஜோன்சன் என்ற ஊர்ப் பெயர் புதிதல்ல. 1966 அக்டோபர் இறுதியில் மலேசியாவுக்கு வந்த அமெரிக்க அதிபர் லிண்டன் ஜோன்சன் அந்த நிலக் குடியேற்றத் திட்டத்தை நேரில் சென்று பார்த்தார். அவர் பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது.

வியட்நாம் போரோடு சேர்த்தே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, துணை அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்தினால் பலம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அவருடைய 1960ஆம் ஆண்டுக் கதையும் எழாமல் இருப்பதில்லை.

ஜோன்சன் 1908 ஆகஸ்ட் 27ஆம் தேதி டெக்சஸ் மாநிலத்தில் ஸ்டோன்வால் அருகே பிறந்தார். தந்தை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். பருத்தி விவசாயத்தில் இறங்கிக் கடனில் மூழ்கியதும் ஊரில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த மரியாதையும் போனது. ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது கையில் பணமில்லாமல் 1928இல் படிப்பை நிறுத்தி வைத்து, கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளிக்கு வேலைக்குப் போனார். காலையில் பசியோடு வந்து உட்காரும் பிள்ளைகள். பழைய தோட்டப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் சம்பளத்தில் அவர்களுக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கிக் கொடுத்தார். அதே ஆசிரியர்தான், பள்ளியில் ஸ்பானிய மொழி பேசினால் தண்டிக்கவும் செய்தார். இந்த இரண்டு குணமும் கடைசிவரை அவரோடு வந்தன.

1937இல் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானார். 1948இல் செனட் சபைக்கான கட்சித் தேர்தலில் அவர் வென்றது வெறும் 87 வாக்குகளில். அதில் மோசடி நடந்தது என்ற குற்றச்சாட்டு அவரை விட்டு விலகவே இல்லை. 1955இல் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். எந்த உறுப்பினருக்கு என்ன தேவை, எவருக்கு எதில் பயம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

1960இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக அவரே விரும்பினார். ஜூலை 13ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டில் நடந்த வாக்கெடுப்பில் ஜான் கென்னடிக்கு 806, ஜோன்சனுக்கு 409. அதற்கு முன் ஜோன்சனின் ஆட்கள் கென்னடியின் உடல்நலத்தைப் பற்றியெல்லாம் பேசி அவரைத் தாக்கியிருந்தார்கள். ஆனாலும் மறுநாளே துணை அதிபர் வேட்பாளராக நிற்கும்படி கென்னடி அவரைக் கேட்டார்.

கென்னடியின் சொந்த முகாமே கொதித்தது. தொழிற்சங்கத் தலைவர்களும் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடியவர்களும் எதிர்த்தனர். தம்பி ராபர்ட் கென்னடி ஜோன்சனின் அறைக்கே போய், விலகிக்கொள்ளும்படி பேசிப் பார்த்தார். இருவருக்கும் இடையே அன்று விழுந்த பகை ஆறவே இல்லை.

கென்னடியின் கணக்கு எளிமையானது. அவர் 43 வயது இளைஞர், வடகிழக்கின் பாஸ்டன் நகரப் பணக்காரர், கத்தோலிக்கர். அதுவரை எந்தக் கத்தோலிக்கரும் அமெரிக்க அதிபரானதில்லை. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் நிறைந்த தென் மாநிலங்களில் அவருக்கு வாக்கு விழுமா என்பதே சந்தேகம். ஜோன்சனோ தெற்கின் பேச்சும் பழக்கமும் உள்ளவர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். தன்னிடம் இல்லாதது எதிராளியிடம் இருந்தது; அதை கென்னடி கேட்டு வாங்கிக்கொண்டார். தனக்குப் பிடித்தவரை, தன்னைப் போன்ற இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜோன்சனும் தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டார். ஒரே நாளில் துணை அதிபர் பதவிக்கும் டெக்சஸ் செனட் இடத்துக்கும் அவர் போட்டியிட்டார். அதற்கு வழிவிட மாநிலச் சட்டமே முன்கூட்டித் திருத்தப்பட்டிருந்தது. அக்டோபரில் தனி ரயிலில் தென் மாநிலங்களைச் சுற்றி வந்தார். மனைவி லேடி பேர்டும் உடன் சென்று ஆதரவு திரட்டினார்.

வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 4ஆம் தேதி, டல்லாஸ் நகர ஹோட்டல் ஒன்றில் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் இருவரையும் சூழ்ந்து வசைபாடித் தள்ளினர். சில நிமிடங்களில் கடக்க வேண்டிய தூரத்துக்கு அரை மணி நேரம் போல ஆனது. ஜோன்சன் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார் என்று சொல்வோர் உண்டு. எப்படியோ, அந்தப் படங்கள் தெற்கில் அனுதாபத்தை எழுப்பின. அதுவரை ஒதுங்கியிருந்த ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் பிரசாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

நாடு முழுவதும் விழுந்த வாக்குகளில் கென்னடிக்கும் நிக்சனுக்கும் இருந்த வேறுபாடு சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம்தான். மாநில வாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் வாக்குகளில் கென்னடி 303 பெற்றார். வெல்லத் தேவை 269. டெக்சஸின் 24 வாக்குகள் மட்டும் போயிருந்தால் 279 மிஞ்சும், அப்போதும் வெற்றிதான். ஆகவே டெக்சஸ் ஒன்றே கென்னடியை அதிபராக்கியது என்பது மிகை. ஆனால் அதோடு ஜார்ஜியாவின் 12 வாக்குகளும் நழுவியிருந்தால் 267தான். எதிரணியில் நிக்சனின் துணை வேட்பாளர் ஹென்றி கபோட் லாட்ஜ், கென்னடியின் சொந்த மாநிலமான மாசசூசெட்சைச் சேர்ந்தவர். அந்த மாநிலம் கென்னடிக்கே போனது.

தேர்தல் முடிந்ததும் நிலைமை மாறியது. செனட்டை ஆட்டிவைத்தவருக்குத் துணை அதிபர் நாற்காலியில் செய்ய வேலையே இல்லை. விண்வெளி மன்றமும் வேலைவாய்ப்புச் சமத்துவக் குழுவும் அவருக்குத் தரப்பட்டன. முக்கிய முடிவுகளில் அவர் ஓரமாகவே இருந்தார். ராபர்ட் கென்னடி வட்டத்தில் அவர் கேலிப்பொருள்.

1963 நவம்பர் 22ஆம் தேதி டல்லாசில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பிற்பகலிலேயே, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அதிபர் விமானத்தில் ஜோன்சன் பதவியேற்றார். வாக்கு சேர்க்கக் கூட்டி வந்த மனிதரின் உண்மையான தகுதி தெரியவந்தது அதன் பிறகுதான். கென்னடியால் நிறைவேற்ற முடியாமல் நின்ற குடியுரிமைச் சட்டத்துக்குத் தென் மாநில செனட்டர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். அவர்களை வழிநடத்தியவர் அதே ரிச்சர்ட் ரஸ்ஸல். பழைய நண்பரை மீறி ஜோன்சன் 1964 ஜூலை 2ஆம் தேதி அதில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டமும், ஆசியர்களுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்துவிட்ட குடியேற்றச் சட்டமும் வந்தன. இன்று அங்கே குடும்பம் குடும்பமாக வாழும் தமிழர்களில் மிகப் பலர் அந்தக் கதவு வழியாகப் போனவர்கள்.

1964 தேர்தலில் துணை வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஜோன்சனுக்கு வந்தது. ராபர்ட் கென்னடியைத் தவிர்ப்பதற்காக, அமைச்சரவையில் இருக்கும் யாரையும் எடுப்பதில்லை என்று பொதுவாக ஒரு விதியைச் சொல்லிவிட்டார். குடியுரிமைச் சட்டத்தைச் செனட்டில் முன்னின்று நடத்திய ஹூபர்ட் ஹம்ஃப்ரியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வு. ஆனால் 1965 பிப்ரவரியில் வியட்நாமில் போரை விரிவாக்க வேண்டாம் என்று ஹம்ஃப்ரி எழுதிக் கொடுத்தபோது, முக்கிய ஆலோசனைக் கூட்டங்களிலிருந்து அவரை நீண்ட காலம் ஒதுக்கி வைத்தார். மூன்று ஆண்டு தான் பட்ட அவமானத்தை ஜோன்சன் அப்படியே அடுத்தவர் தலையில் வைத்தார்.

போர் வளர்ந்து, 5 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் அங்கே போனார்கள். 1968 மார்ச் 31ஆம் தேதி, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜோன்சன் அறிவித்தார். கட்சி ஹம்ஃப்ரியை நிறுத்தியது. அவர் நிக்சனிடம் தோற்றார். டெக்சஸ் பண்ணைக்குத் திரும்பிய ஜோன்சன் 1973 ஜனவரி 22ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 64.