தந்தி வித்தகர் எமில் பாடோ

முற்காலத்தில் சிநெயார் சமவெளியில் மாந்தர் வானளாவிய கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினர் என்றும், அவர்தம் மொழி வேறுபட்டமையால் அவ்வேலை இடையிலே நின்றுவிட்டது என்றும் திருமறை கூறும். செங்கல்லுக்கும் கீலுக்கும் அங்கே குறைவில்லை; ஒருவர் சொல்வதை மற்றொருவர் உணரும் வழியே இல்லாது போயிற்று. பல கைகள் கூடிச் செய்யும் தொழில் எதற்கும் பொதுமொழி இன்றியமையாதது. இவ்வுண்மை மாந்தர்க்கேயன்றி, மாந்தர் படைத்த யந்திரங்களுக்கும் பொருந்தும். யந்திரங்கள் தம்முள் உரையாடுதற்குரிய மொழிக்கு அடிகோலிய பெரியாருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டினரான எமில் பாடோ என்பவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கடல் கடந்த நாட்டில் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஒருவரைப் பற்றி நாம் அறிய வேண்டுவது எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். அவர் பெயர் நம் ஊர்களில் நாள்தோறும் வழங்கி வருகின்றது என்பதே அதற்கு விடையாகும். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் பன்னெடுங்காலத்திற்கு முன் கடல் பரந்திருந்த நிலம். அக்கடல் உயிர்களின் ஓடுகள் கல்லாகி இன்றும் அந்நிலத்தில் கிடைக்கின்றன. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே அரியலூரைச் சிமெண்டு ஆலைகளின் ஊராக்கிற்று. அரசினர் சிமெண்டு ஆலை அங்கு 1979-ஆம் ஆண்டில் தொழில் தொடங்கியது. தனியார் ஆலைகளும் பல உள.

இத்தகைய ஆலையுள் கல் நொறுக்கும் பகுதி ஓரிடத்தும், அரைக்கும் பகுதி வேறிடத்தும், ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் கல்லைச் சுடும் சூளை மற்றோரிடத்தும், மூட்டை கட்டும் பகுதி பிறிதோரிடத்தும் அமைந்திருக்கும். ஒவ்வொரு பகுதியையும் பி.எல்.சி. என வழங்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று காத்து நிற்கும். சூளையின் நிலையை அரைக்கும் பகுதி அறியாவிடின் ஆலை நடவாது. ஆதலின் ஒவ்வொரு பி.எல்.சி.யோடும் தகவல் தொடர்பு மாட்யூல் எனும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்துவர். தன் கருவி அறிந்ததைக் கம்பி வழியே பிற கருவிக்குச் சொல்லுவதும், பிற கருவி சொல்வதைக் கேட்டு வருவதும் அதன் பணி. அப்பெட்டியை நிறுவும் தொழிலாளி முதற்கண் அமைக்க வேண்டியவற்றுள் ஒன்று பாட் எனப்படும் வேக அளவு. கம்பியின் ஒரு முனையில் 9600 என்றும் மறுமுனையில் 19200 என்றும் அமைத்துவிட்டால், கம்பியில் குற்றம் ஏதும் இல்லாதிருந்தும் செய்தி பொருளற்றதாகிவிடும். அந்தப் பாட் என்னும் சொல் நம் வரலாற்றுத் தலைவரின் பெயர்ச் சுருக்கமேயாகும்.

ழான் மோரிஸ் எமில் பாடோ 1845-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ஆம் நாள் பிரான்சின் வடகிழக்குப் பகுதியிலுள்ள மாஞோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஓர் உழவர். ஊர்த் தொடக்கப் பள்ளியில் பெற்ற கல்வியே அவர் பெற்ற பள்ளிக் கல்வி முழுவதும். உயர்நிலைப் பள்ளியோ பல்கலைக் கழகமோ அவரை அறியா. இளமையில் தந்தையாரின் வயலில் உழைத்து வந்த அவர், 1869-ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் வயதில், தந்தித் துறையில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தார். மோர்ஸ் முறையையும், ஹியூஸ் என்பாரின் அச்சுத் தந்தி யந்திரத்தையும் அத்துறையினர் அவருக்குக் கற்பித்தனர். அடுத்த ஆண்டில் பிரெஞ்சு நாட்டிற்கும் பிரஷியாவிற்கும் மூண்ட போரில் சின்னாள் பணிபுரிந்து, பின்னர்ப் பாரிஸ் மாநகரில் தம் தொழிலுக்குத் திரும்பினார்.

தந்தி மேசையின் முன் அமர்ந்திருந்த அவ்விளைஞர் ஒன்றைக் கண்டார். பல காதம் செல்லும் கம்பி பெரும்பொருள் செலவில் நிறுவப்பட்டது. ஆயினும் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே அது வாளா கிடந்தது. எழுத்தர் விரலெடுக்கும் நேரமெல்லாம் கம்பிக்கு ஓய்வே. அவ்வோய்வு நேரத்தைப் பிற எழுத்தருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால், ஒரே கம்பி பலர் செய்தியையும் சுமக்குமன்றோ? பலர் காணினும் பொருட்படுத்தாத இச்சிறு குறையே அவர் வாழ்நாள் முயற்சிக்கு வித்தாயிற்று. துறையினர் அவரை ஊக்கினரேனும், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதிலேயே அவர் இவ்வாராய்ச்சியை நடத்த வேண்டியிருந்தது.

1874-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மோர்ஸ் முறையில் சில எழுத்துகள் குறியவை, சில நெடியவை. ஆதலின் ஓர் எழுத்து எப்போது முடியும் என்பதை யந்திரம் அறிதல் அரிது. பாடோ ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுள்ள ஐந்து கூறுகளை வகுத்தார். ஒவ்வொரு கூற்றிலும் மின்னோட்டம் இருவகையுள் ஒருவகையாக இருக்கும். இவ்வாறு முப்பத்திரண்டு சேர்க்கைகள் கிடைத்தன. எழுத்துக்கும் எண்ணுக்கும் மாறும் குறி ஒன்றை அமைத்து அத்தொகையையும் பெருக்கினார். எழுத்தரின் முன் ஐந்து கட்டைகளே இருந்தன; இடக்கை விரல் இரண்டும் வலக்கை விரல் மூன்றும் அவற்றை இயக்கின. கம்பியின் இரு முனையிலும் சுழலும் கை ஒன்று ஒரே வேகத்தில் வட்டமிட்டு, ஒவ்வோர் எழுத்தருக்கும் உரிய நேரத்தில் கம்பியை அவர்பால் ஒப்படைத்துச் சென்றது. யந்திரம் தரும் ஒலிக்குறிப்புக்கு இசைய, தாளம் தவறாது கட்டையை அழுத்துதல் எழுத்தரின் கடமை. தாளம் தவறின் எழுத்தும் தவறும்.

இம்முறையின் உறுப்புகள் யாவும் பாடோவே கண்டனவல்ல என்பதை நாம் மறைத்தல் கூடாது. அச்சிடும் வகை ஹியூஸுடையது. கம்பியை நேரத்தால் பங்கிடும் சுழல் அமைப்பை மேயர் என்பார் முன்னரே கையாண்டார். ஐந்து கூற்று எழுத்துமுறை ஜெர்மானிய அறிஞர் கௌஸ், வேபர் இருவரும் வகுத்தது. மிமோ என்னும் மற்றொருவர் தமக்கே முதன்மை உரியதென வழக்கும் தொடுத்தார். எனின், பாடோவின் பெருமை யாது? தனித்தனியே கிடந்த உறுப்புகளை ஓருடலாக்கி இயங்கச் செய்தமையே அவர் பெருமை. உறுப்புகள் பலவாயினும் உடல் ஒன்றே எனப் பவுலடியார் திருச்சபைக்கு உணர்த்திய உண்மை இங்கும் நினைக்கத் தக்கது. நூலும் தறியும் உண்டெனினும் ஆடை நெய்வோன் வேண்டுமன்றோ?

1877-ஆம் ஆண்டில் பாரிஸுக்கும் போர்தோ நகருக்கும் இடையே இம்முறை சோதிக்கப்பெற்றது. அவ்வாண்டிறுதியில் பாரிஸுக்கும் ரோமாபுரிக்கும் இடையேயும் செய்திகள் அதன் வழியே சென்றன. 1878-ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. அப்பதக்கத்தின் முடிவு கேட்போர் நெஞ்சை உருக்கும். ஆராய்ச்சிக்குத் துறையினர் அளித்த பொருளுதவி சிறிதே. தம் கைப்பொருளையே அவர் செலவிட வேண்டியிருந்தது. ஆதலின் 1880-ஆம் ஆண்டில் அப்பதக்கத்தையே விற்றுவிட்டார். உலகம் தந்த புகழை விற்று, உலகிற்கு வேண்டிய கருவியைத் திருத்தினார் எனலாம். அவ்வாண்டில் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும், 1882-ஆம் ஆண்டில் பொறியியல் மேற்பார்வையாளராகவும் உயர்வு பெற்றார்.

உடல்நலம் அவருக்கு வாய்க்கவில்லை. தந்தித் துறையிற் சேர்ந்த சில காலத்திலேயே தொடங்கிய நோய் இறுதிவரை அவரை விடவில்லை. 1890-ஆம் ஆண்டு ஜனவரியில் மணம் புரிந்தார். ஏப்ரல் மாதத்தில் மனைவியார் மறைந்தார். இல்லறத்தின் இன்பம் மூன்று திங்களே அவருக்குக் கிட்டியது. அத்துயரிடையும் அவர் தளர்ந்தாரல்லர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே ஒரே கம்பியால் பாரிஸ், வான், லோரியான் என்னும் மூன்று நகரங்களை இணைத்துக் காட்டினார். 1903-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில், பாரிஸை அடுத்த சோ நகரில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின்னும் முறை மறையவில்லை. இந்தியத் தந்தி நிலையங்களிலும் பாடோ யந்திரங்கள் பணிபுரிந்தன. 1920-களில் பன்னாட்டுத் தந்தி மன்றத்தார் ஒரு வினாடியில் செல்லும் குறிகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகிற்கு அவர் பெயரைச் சூட்டினர். நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு முடிவுற்றது, அவ்வலகோ முடிவுறவில்லை. அரியலூர் ஆலை தொடங்கிய 1979-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் தன் பி.எல்.சி.களுக்கென மோட்பஸ் என்னும் மொழியை வெளியிட்டது. அதில் தலைமைக் கருவி ஒவ்வொன்றையும் அதன் எண்ணைச் சொல்லி வினவும். வினவப்பெற்றதே விடை கூறும். பிற வாய் திறவா. ஒரே கம்பியைப் பலர் முறைவைத்து ஆளுதலும், குறிகள் யாவும் ஒத்த அளவின ஆதலும் பாடோவின் நெறியே. ஈதர்நெட் முதலிய புதுவழிகள் வந்துவிட்ட இந்நாளிலும், அளவைக் கருவிகளை இணைக்கும் இரட்டைக் கம்பியில் பாட் அளவு வழக்கில் உள்ளது.

அன்பர்களே, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர்ச் சீமையில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உளர். அவருட் சிலர் இன்று அரியலூர் ஆலைகளின் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, இரு முனையும் ஒத்துளவா எனப் பாட் அளவைச் சரிபார்க்கின்றனர். அவ்வெண்ணின் பின்னே தம்மைப் போன்றே ஏர் பிடித்த ஓர் இளைஞன் நிற்பதை அவர் அறிவரோ? சிறு கல்வி, நோயுற்ற உடல், குறைந்த பொருள் ஆகிய இவற்றோடும் அவர் தமக்கு அளிக்கப்பட்ட தாலந்தைப் புதைத்து வைத்தாரல்லர். பிறர் செய்தி பிழையின்றிச் சேர வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தார். பாபேலில் சிதறிய மொழியை இணைக்கும் பணி பெரியோர்க்கு மட்டும் உரியதன்று; தாளம் தவறாது தன் முறைக்குக் காத்திருந்து தன் சொல்லைத் தெளிவாகச் சொல்லும் ஒவ்வொருவர்க்கும் உரியது. அவர் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாகும்.