இனிப்புக்கடையில் வளர்ந்த எழுத்தாளர்

விஞ்ஞானப் புனைகதை உலகின் பேரெழுத்தாளர்களுள் ஒருவரான ஐசாக் அசிமோவின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்கள் அறிதல் நன்று.

ருஷ்யாவின் பெத்ரோவிச்சி என்னுஞ் சிற்றூரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1923இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் தந்தையார் இனிப்புக்கடை நடத்தினார். ஐந்து வயதளவில் மகன் தானாகவே ஆங்கிலம் வாசிக்கக் கற்றான். அங்கு விற்கப்பட்ட கதைச் சஞ்சிகைகளை வாசிக்கத் தந்தையார் தடைவிதித்திருந்தார். 1929இல், ஒரு சஞ்சிகையின் பெயரில் விஞ்ஞானம் என்ற சொல் இருப்பதைக் காட்டி மகன் அனுமதி பெற்றான். விற்பனைக்குரிய இதழாதலால், கசங்காமல் வாசித்து மீண்டும் அடுக்கில் வைப்பான்.

பின்னர் சஞ்சிகைகளுக்கு வாசகர் கடிதங்கள் எழுதினார், அவை அச்சேறின. 1938இல் பியூச்சரியன்கள் என்னும் இளம் வாசகர் கழகத்திற் சேர்ந்தார். 1939இல் அவரது முதற் சிறுகதை வெளிவந்தது. இயந்திர மனிதருக்கான மூன்று விதிகளை 1942இல் வெளியான கதையில் வகுத்துரைத்தார். 1948இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் கற்பித்தார். 1955இல் கிளீவ்லாந்தில் நடந்த உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டிற் சிறப்பு விருந்தினரானார். நானூறுக்கு மேற்பட்ட நூல்களைத் தந்து, 1992 ஏப்ரல் 6இல் மறைந்தார்.

பெற்றோரே, ஒன்றை நாம் சிந்திக்கவேண்டும். வீட்டில் பேசப்பட்ட இத்திஷ் மொழியை அவர் சரளமாகப் பேசினார். அஃது அவரது ஆங்கிலத்தைக் குறைக்கவில்லை. பெற்றோர் அறிந்திருந்த ருஷ்ய மொழியோ அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. அஃது அவருக்கு வாய்க்கவுமில்லை. நாம் வீட்டிற் பேசாத மொழியை நம் பிள்ளைகள் எங்ஙனம் பெறுவர்?