கணிப்பொறி வல்லுநர் நரசிம்மனார்

இம்மலரின் தமிழ்ப் பகுதியிற் புலவர் பெருமக்களின் வரலாறுகளே இடம்பெறுதல் பெரும்பான்மை வழக்கு. அவ்வழக்கினின்றும் விலகிப் பொறிவல்லார் ஒருவரின் வரலாற்றை எழுத யான் முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நம் நாட்டிலேயே வகுத்துக் கட்டப்பட்ட முதல் முழுநிலை மின்னணுக் கணிப்பொறிக்குத் தலைநின்று உழைத்த அப்பெரியார், பின்னாளிற் பொறியின் பக்கத்தினின்றும் எழுந்து, தமிழ்க் குழவி ஒன்று பேசப் பழகுமாற்றைச் செவிமடுக்கச் சென்றார். அவர் அங்ஙனம் சென்றது எதனால் என்பதே அவர்தம் வாழ்வில் யாம் அறியத்தக்க செய்தி என்பது என் துணிபு.

ரங்கசாமி நரசிம்மனார் 1926ஆம் ஆண்டு சென்னை மாநகரிற் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புத் துறையைப் பயின்று பட்டம் பெற்றபின், அமெரிக்கா சென்று கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலும், இந்தியானாப் பல்கலைக்கழகத்திற் கணிதமும் கற்று, கணிதத்தில் டாக்டர் பட்டம் எய்தினார். ஹோமி பாபா நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954ஆம் ஆண்டு சேர்ந்தார். கணிப்பொறி என்னும் பெயரைக்கூட நம் நாட்டிற் பலர் கேட்டிராத காலம் அது.

அங்கே இளைஞர் சிலரைத் துணைக்கொண்டு முதலில் ஒரு சிறு மாதிரிப் பொறி கட்டினார். அது 1956ஆம் ஆண்டளவில் இயங்கிற்று. அவ்வனுபவத்தைக் கொண்டு எழுப்பிய பெரிய பொறி 1960ஆம் ஆண்டு பணிக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு பண்டித நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயரிட்டார். 2,700 வெற்றிடக் குழல்களும், 1,700 ஜெர்மானியம் டயோடுகளும், 12,500 மின்தடைகளும் கொண்டு அறையை நிறைத்து நின்றது அப்பொறி. அதன் நினைவகம் கொள்ளத்தக்கன 2,048 சொற்களே. சொல் எனின் நம் இலக்கணத்துச் சொல் என்று கொள்ளற்க. நாற்பது இரும இலக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியையே அத்துறையினர் சொல் என்பர். இற்றை நாளில் ஒரு மாணவன் சட்டைப்பையிற் கொண்டு திரியும் கைப்பேசியோடு ஒப்பிட்டால் அஃது ஒரு துளியும் ஆகாது.

அப்பொறியிடம் ஒரு கணக்கைக் கேட்பது எளிதாயிருந்ததில்லை. கேட்பவர் தம் கருத்தை ஒன்றும் சுழியுமாகிய கட்டளைகளாக உடைத்துக் காகித நாடாவிற் துளையிட்டுக் கொடுத்தல் வேண்டும். ஒரு துளை பிறழினும் பயனில்லை. மனிதன் பொறியின் மொழியைக் கற்று அதன் வாயிலில் நின்றான். பொறியோ மனிதன் மொழியில் ஓர் எழுத்தும் அறியாது. எனினும் அக்குழுவினர் அப்பொறிக்கு ஓர் ஒளித்திரையையும் இணைத்தனர். வரைபடங்களையும் எழுத்துக்களையும் அதிற் கண்ணாற் காணலாம். விடையை எண்ணடுக்காக நீட்டாது, மனிதன் கண்ணுக்கேற்ற வடிவிற் காட்டவேண்டும் என்னும் எண்ணம் அவ்வளவு முற்பட்ட காலத்திலேயே இங்கு முளைத்திருந்தமை வியக்கத்தக்கதே. பொறிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள உறவை ஆராய்தல் இன்று தனித்த ஒரு பல்கலைக்கழகத் துறை. அதற்குப் பேராசிரியர்களும் பட்டங்களும் உள. அன்று அதற்குப் பெயரே வழக்கில் இல்லை.

1961ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை அவர் இலினாய்ப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். அணுத்துகள்கள் குமிழி அறைகளில் விட்டுச் செல்லும் தடங்களைப் படம் பிடித்து ஆராய்வது இயற்பியலார் வழக்கம். படங்களோ எண்ணிறந்தன, பார்த்துச் சலிக்கும் கண்களோ சில. பொறியே படத்தைக் கண்டு இன்னது இன்னதெனப் பகுத்துரைக்க வழி தேடினர். அப்பணியில் நரசிம்மனார் மேற்கொண்ட நெறி தமிழ் மாணவர்க்கு இனிப்பது. எழுத்துச் சொல்லாகவும், சொல் தொடராகவும் இயைதல் போலக் கோடும் புள்ளியும் இயைந்து படமாகின்றன. ஆகவே படத்திற்கும் ஓர் இலக்கணம் வகுக்கலாம் என்றார். பொறிகள் உருவங்களை அறியும் கலையில் அவ்விலக்கண நெறிக்கு முன்னோடிகளுள் ஒருவராக அவர் எண்ணப்படுகின்றார்.

இலக்கணத்தால் இத்துணை வெற்றி கண்டவர் அதனோடு அமைந்திருக்கலாம். அமையவில்லை. மனிதனோடு உரையாடும் பொறி வேண்டுமாயின், மனிதன் உரையாடுவது எவ்வாறு என்று முதலில் அறிதல் வேண்டுமன்றோ? அக்காலத்து மேனாட்டு அறிஞருட் பலர் மொழியை விதிகளின் அடுக்காகக் கொண்டு, தொடரமைப்பை ஆராய்வதிலேயே முனைந்திருந்தனர். நரசிம்மனார் அவர்களோடு உடன்படாராயினார். மொழி என்பது உலகத்தோடு பழகுதற்கு மனிதன் கையாளும் ஒரு செயல். கேட்டல், ஏவுதல், மறுத்தல், விளையாடுதல், பொருளைச் சுட்டல் ஆகிய நடத்தைகளுள் வைத்தே அதனைக் காணல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1981ஆம் ஆண்டு வெளிவந்த அவர் நூல் மொழிநடத்தையை மாதிரியாக அமைத்துக் காட்டுவதையே பொருளாகக் கொண்டது.

கொள்கை கூறி அமர்ந்துவிடாது, வைத்தியநாதன் என்னும் ஆய்வாளரோடு கூடித் தமிழ்க் குடும்பம் ஒன்றிற் பிறந்த குழந்தையின் பேச்சை, ஓராண்டு நிறையாப் பருவந்தொட்டு மூன்றாண்டை அணுகும் பருவம் வரை தொடர்ந்து பதிந்து ஆராய்ந்தார். குழந்தையின் பேச்சை மட்டுமன்று. அதனோடு பெரியோர் ஆடிய பேச்சையும் உடன்வைத்து நோக்கினார். தாய் கேட்கக் குழந்தை காட்டுவதும், குழந்தை குதலை மொழிய வீட்டார் அதனை நிறைவித்துச் சொல்வதும் ஆகிய இவ்விருவர் ஆடலிலேயே மொழி விளைகின்றது என்று கண்டார். இலக்கண நூல் ஓதி எந்தக் குழந்தையும் தமிழ் பேசவில்லை. நாற்றிசையும் கணிப்பொறியைப் பெருக்குவதில் முனைந்திருந்த நாளிற் கணிப்பொறி அறிஞர் ஒருவர் மழலைக்கு இத்துணை மதிப்பளித்தமையை என்னென்பது!

இவ்வாராய்ச்சியின் வழியே எழுத்தறிவு என்பது யாது என்னும் வினாவிற்கும் அவர் வந்தார். 2004ஆம் ஆண்டு வெளிவந்த அவர் நூலொன்று மேனாட்டு மரபையும் இந்திய மரபையும் இவ்வகையில் ஒப்பிடுவது. வாய்மொழியாகவே நூல்களைப் பிழையறக் காத்து, அவற்றை நுணுகி ஆராயவும் வல்ல மரபு நம் நாட்டில் இருந்தமையால், எழுத்தைக் கண்ணாற் படிப்பதொன்றே அறிவின் அடையாளம் ஆகாது என்பது அவர் காட்டும் வழி.

இவ்விடத்து ஒன்று கூற விழைகின்றேன். மரக்காணத்து உப்பளக் கரையைச் சார்ந்தது எம்மூர். உப்பளத்திற் கூலிக்கு உழைத்து முதிர்ந்த மூதாட்டியார் சிலர் எழுத்தறியார். ஆயினும் பாத்தியின் நீரைக் கையில் அள்ளியே அதன் பதத்தைச் சொல்வர். உப்பு எந்நாளிற் பூக்கும் என்பதும், மேகம் எப்பொழுது கெடுக்கும் என்பதும் அவர்க்குத் தெரியும். அன்னோர் அரிசி வாங்கச் செல்லுமிடத்தில் விரல்ரேகை கேட்கும் சிறு பொறியொன்று உளது. உவர்நீரில் ஊறித் தேய்ந்த விரலை அது பன்முறை அறிவதில்லை. துடைத்து வைக்கச் சொல்வர். வேறு விரல் கேட்பர். பின்னும் அறியாதாயின் நாளை வருக என்பர். பிழை கிழவியின் விரலில் இருப்பதாகவே வரிசையில் நிற்போர் கருதுகின்றனர். பொறியை வகுத்தவர் உப்பளத்துக் கை எத்தகையது என்று ஒருநாள் வந்து பார்த்திருப்பரோ? நரசிம்மனார் வரலாற்றைப் படித்த நாள்முதல் இவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை.

அவர் வகித்த பதவிகளும் பெற்ற சிறப்புக்களும் பல. 1965ஆம் ஆண்டு தோன்றிய இந்தியக் கணிப்பொறிக் கழகத்திற்கு முதல் தலைவர் அவரே. மேனாட்டு நிறுவனங்களை எதிர்பாராது பொறிகளைப் பேணுதற்கு அரசினர் அமைத்த கணிப்பொறிப் பராமரிப்புக் கழகத்திற்கும் முதல் தலைவராயிருந்தார். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆராய்ச்சியை அவர் முதுமையிலும் விட்டாரல்லர். எண்பதை அணுகிய காலத்திலேயே செயற்கை அறிவைப் பற்றி மற்றொரு நூலும் வெளியிட்டார். 2007ஆம் ஆண்டு உலக வாழ்வை நீத்தார்.

டிஃப்ராக் என்னும் அப்பெரும்பொறி தன் பணியை முடித்துக்கொண்டு நெடுங்காலமாயிற்று. அத்தமிழ்க் குழந்தையின் பேச்சுப் பதிவோ, பல மொழிகளின் மழலையைத் தொகுத்து வைத்துள்ள உலகப் பேழையொன்றில் இடம்பெற்று, பல நாட்டு ஆராய்ச்சியாளர்க்கும் இன்றும் பயன்பட்டு வருகின்றது.